பூல் டேபிள் கோளாறுகள்: துணியை உரிப்பதற்கு முன்னும், மாட்டிய பின்னும்

பந்து நேராக ஓடவில்லை, ஓரத்து ரப்பர் குஷனில் பட்டதும் அப்படியே செத்து நிற்கிறது, துணி அலை அலையாகக் கிடக்கிறது. டேபிளில் எது சரியில்லை என்றாலும் முதலில் பழி விழுவது துணி மேல்தான். புதுத் துணி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்து நேராக அதைத்தான் வாங்குகிறார்கள். துணி நைந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், சரி. ஆனால் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் துணிக்குக் கீழே, காலிலோ சட்டத்திலோ ஸ்லேட் கல்லிலோ, குஷன் ஒட்டியிருக்கும் ஓரக் கட்டையான ரெயிலின் போல்ட்டிலோ இருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே நல்ல துணியை இழுத்து மாட்டினால், பழைய கோளாறு அப்படியே இருக்கும், அதைச் சரிசெய்யப் புதுத் துணியையே மறுபடி பிரிக்க வேண்டி வரும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் கீழிருந்து மேலே பாருங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் டேபிளின் தளம் கல்லா, பலகையா? பாக்கெட் (பந்து விழும் குழி) வழியாகக் கையை விட்டு விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், அல்லது கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லேட் என்றால் சாம்பல் நிறத்தில், தொட்டால் குளிர்ச்சியாக, தட்டினால் கெட்டியாகத் தெரியும். மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பிவிடும், ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த வகை டேபிளுக்குத் துணி மாற்றலாம், ஆனால் தளத்தை நிமிர்த்த முடியாது. உப்பிய பலகைக்கு விலை உயர்ந்த துணி போடுவது வீண் செலவு. கீழே சொல்வதெல்லாம் ஸ்லேட் டேபிளுக்கானது.

இன்னொன்று, எடை. 8 அடி டேபிளில் ஒரு அங்குலம் தடிமனுள்ள ஸ்லேட் பொதுவாக மூன்று துண்டாக வரும், ஒரு துண்டே சுமார் 75 கிலோ. தனியாகத் தூக்காதீர்கள், இரண்டு மூன்று பேர் வேண்டும். படுக்கை வாட்டில் தூக்கினால் தன் எடையிலேயே விரிசல் விடும், அதனால் விளிம்பு கீழே வரும்படி நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும், வைக்கும்போதும் ஒரு முனையில் முட்டாமல் மெதுவாக வைக்க வேண்டும். கழற்றும்போதே எந்தத் துண்டு எந்த இடம், எந்தப் பக்கம் மேலே என்று சாக்பீஸால் குறித்து வையுங்கள். ரெயில்களையும் அப்படியே.

மெதுவாக உருட்டினால் பந்து ஒரு பக்கமாக ஒதுங்குகிறது

அடிக்கடி கேட்கும் புகார் இது. முதலில் பந்தைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அதைச் சோதிக்கக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரே பந்தை ஒரே தடத்தில் இந்த முனையிலிருந்தும் அந்த முனையிலிருந்தும் மெதுவாக உருட்டுங்கள். இரண்டு தடவையும் டேபிளின் அதே பக்கத்துக்கு ஒதுங்கினால் டேபிள் சாய்ந்திருக்கிறது. வேறு பந்தை உருட்டினால் நேராகப் போகிறது என்றால் பழைய பந்தில் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது. துணி மயிர் நீண்ட வகையாக இருந்தால் மயிர் படிந்திருக்கும் திசையும் மெதுவான பந்தைக் கொஞ்சம் தள்ளும். ஒரே திசையில் பிரஷ் போட்டுவிட்டு மறுபடி உருட்டிப் பாருங்கள்.

டேபிள்தான் சாய்வு என்று தெரிந்தால் ரசமட்டத்தை எடுக்கலாம், ஆனால் சுவர் கட்டும்போது வைக்கும் சாதாரண ரசமட்டம் இதற்குப் போதாது. உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி தளம் நீள வாக்கில் 0.020 அங்குலத்துக்குள்ளும் அகல வாக்கில் 0.010 அங்குலத்துக்குள்ளும் சமமாக இருக்க வேண்டும், அதாவது மில்லிமீட்டரில் அரையும் காலும். வீட்டு டேபிளுக்கு அவ்வளவு துல்லியம் கட்டாயமில்லை, ஆனால் குமிழி நடுவில் இருப்பது போலத் தெரிந்தாலே போதும் என்று விட்டால் பந்து காட்டிக் கொடுத்துவிடும். இயந்திரங்களை நிறுத்தப் பயன்படுத்தும் நுண்ணிய ரசமட்டம் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். எதை வைத்தாலும் ஒருமுறை பார்த்ததும் அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் குமிழி ஒரே பக்கம் நகரவில்லை என்றால் கோளாறு ரசமட்டத்தில்.

வரிசை முக்கியம். முதலில் கால்களைச் சரிசெய்து சட்டத்தை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் ஸ்லேட். கால்களை ஏற்றி இறக்கியே முழுதும் சரிசெய்யப் பார்ப்பவர்கள் ஒரு மூலையைத் தூக்கினால் எதிர் மூலை இறங்க, அதைத் தூக்கினால் இது இறங்க, சட்டத்தையே முறுக்கிவிடுகிறார்கள். சட்டம் ஓரளவு மட்டமானதும் மிச்ச வித்தியாசத்தை ஸ்லேட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய மர ஆப்பு செருகித் தீர்க்கலாம். இன்னும் மெல்லிசாக வேண்டும் என்றால் சீட்டுக்கட்டுச் சீட்டு நன்றாக வேலை செய்யும், ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஆப்பு அடிக்கும் முன் பக்கத்தில் இருக்கும் ஸ்லேட் திருகைத் தளர்த்துங்கள், அடித்த பின் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். வலுவாக முறுக்கினால் திருகே கல்லைக் கீழே இழுத்து நீங்கள் தூக்கியதைக் கெடுத்துவிடும்.

ஓரங்களில் சரியாக ஓடி நடுவில் மட்டும் பந்து உள்வாங்கினால் சட்டத்தின் நடு உத்தரம் தொய்ந்திருக்கிறது. பழைய டேபிளில் இது சகஜம். நடு ஸ்லேட்டின் கீழே ஆப்பு வைத்துத் தூக்கலாம், உத்தரமே வலுவிழந்திருந்தால் அதற்குத் தாங்கு கட்டை போட்ட பிறகு ஆப்பு வையுங்கள்.

குறுக்கே ஒரு கோட்டில் பந்து துள்ளுகிறது, ‘டிக்’ என்று சத்தம் வருகிறது

டேபிளின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் அந்த இரண்டு கோடுகளில்தான் இது நடக்கும், ஏனென்றால் ஸ்லேட் துண்டுகள் சேர்வது அங்கேதான். ஒரு துண்டு அடுத்ததை விட முடியளவு உயர்ந்திருக்கிறது அல்லது இணைப்பில் போட்ட மெழுகு உடைந்து போயிருக்கிறது. துணியின் மேலேயே விரல் நுனியால் தடவினால் தெரிந்துவிடும். துணியைப் பிரிக்காமல் இதற்கு வழி கிடையாது, ஆனால் துணி பிரித்ததும் மெழுகைப் பூசி மூடிவிடாதீர்கள். இரண்டு கல்லும் ஒரே உயரத்துக்கு வரும்வரை இணைப்பை ஒட்டிக் கீழே ஆப்பால் சரிசெய்யுங்கள். இணைப்பின் குறுக்கே நகத்தை இழுத்தால் இரண்டு திசையிலும் தட்டக் கூடாது. அதற்கப்புறம்தான் நிரப்பும் வேலை.

நிரப்ப இரண்டு வழி உண்டு. தேன்மெழுகு என்றால் முதலில் கல்லையே தீச்சுடர் வரும் கேஸ் டார்ச்சால் வெதுவெதுப்பாக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் உருக்கி ஊற்றினால் மேலே உறைந்து நிற்கும், உள்ளே பிடிக்காது. ஊற்றிய பின் முழுதும் இறுகும் முன்பே அகலமான ப்ளேடால் கல்லோடு கல்லாக வழித்தெடுங்கள். கார் பட்டறையில் பூசும் பாலியெஸ்டர் பட்டி இன்னொரு வழி. கெட்டியாக நிற்கும், உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம், ஆனால் நாளைக்கு டேபிளை வேறு வீட்டுக்குக் கொண்டுபோக நேர்ந்தால் இணைப்பை உடைத்துப் பிரிக்க வேண்டும். தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். வெயில் நேரே விழும் அறை என்றால் பட்டி நல்லது, இடம் மாற்றும் வாய்ப்பு உள்ள டேபிள் என்றால் மெழுகுதான் என் தேர்வு. கல்லைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகுகளின் குழிகளையும் இதோடு நிரப்பி வழித்துவிடுங்கள்.

கோட்டில் இல்லாமல் ஒரே ஒரு புள்ளியில் பந்து துள்ளினால் துணிக்கு அடியில் மணலோ பழைய பசைத் துணுக்கோ உடைந்த ஸ்டேப்ளர் பின்னோ மாட்டியிருக்கிறது. அதனால்தான் துணி விரிக்கும் முன் கல்லை ப்ளேடால் சுரண்டி, வேக்வம் போட்டு, கடைசியாக உள்ளங்கையால் முழுத் தளத்தையும் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்வது. கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

புதிதாக மாட்டிய துணி சுருங்குகிறது, தொளதொளவென்று இருக்கிறது

இழுத்த வரிசை தவறு, அல்லது இழுப்பு போதவில்லை. நடுவில் துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். எளிதாக எழும்பினால் தளர்வு. நல்ல செய்தி என்னவென்றால் பின்னையோ பசையையோ எடுத்துவிட்டு அதே துணியை மறுபடி இழுக்கலாம், ஓரத்தை வெட்டாமல் இருந்தால். அதனால்தான் எல்லாம் முடிந்து ஒருமுறை பந்து உருட்டிப் பார்க்கும்வரை ஓரத்தை ஒட்ட வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இழுக்கும் முறை இப்படி. வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்: ஆறு ரெயில்களைப் போர்த்தும் துணிப் பட்டைகளும் துணியின் நீளவாக்கில் ஓரத்திலிருந்து வர வேண்டும், குறுக்கே வெட்டிவிட்டால் தளத்துக்கு நீளம் பற்றாது. தளத் துணியை நல்ல பக்கம் மேலே வரும்படி, நான்கு புறமும் சமமாகத் தொங்கும்படி விரியுங்கள். ஒரு முனையை முதலில் நேராகப் பிடித்து முழுதும் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள் (வெறும் கல் என்றால் பசை, கீழே சொல்கிறேன்). எதிர் முனைக்குப் போய் நீளவாக்கில் நன்றாக இழுத்து, நடுவிலிருந்து இரு மூலைக்கும் நகர்ந்து அடியுங்கள். நீளம் விறைப்பாக நின்ற பின்தான் பக்கவாட்டு. நடுப் பாக்கெட் பக்கத்தில் தொடங்கி மூலைகளை நோக்கிப் போங்கள், இந்தப் பக்கம் முடித்ததும் அந்தப் பக்கம் இழுங்கள். பின் வரிசை நேராக இருக்கட்டும், ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாக இழுத்தால் அங்கிருந்து ஒரு கோடு தளம் முழுக்க ஓடும். அந்தக் கோட்டைப் பந்து உணரும்.

கல்லுக்குக் கீழே மரச்சட்டம் ஒட்டியிருந்தால் ஸ்டேப்ளர் போதும். வெறும் கல் என்றால் ஸ்ப்ரே பசை: கல்லின் பக்கவாட்டு விளிம்பிலும் துணியின் உட்புறத்திலும் அடித்து, கையில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் இருக்கும் பதம் வந்ததும் இழுத்து அழுத்துங்கள். பசை மேல் தளத்தில் ஒரு துளி கூடப் படக் கூடாது, பழைய செய்தித்தாளை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இழுப்பது என்பது துணியைப் பொறுத்தது. மயிர் உள்ள கம்பளித் துணியை மிதமாக இழுத்தால் போதும். மயிரில்லாத வழவழப்பான வகை, உதாரணமாக 90 சதவீதம் கம்பளியும் 10 சதவீதம் நைலானும் கலந்த சிமோனிஸ் 860, இன்னும் விறைப்பாக நிற்க வேண்டும். அதில் பந்து வேகமாக ஓடும், கூடவே அடியில் உள்ள குறையையும் ஒளிக்காமல் காட்டும். தளம் முழுதும் சமமாக இல்லாத பழைய டேபிளுக்கு நான் மயிருள்ள வகையைத்தான் சொல்வேன்.

கம்பளி ஈரப்பதத்துக்கு இளகும் பொருள். துணியை வாங்கி வந்த அன்றே மாட்டாமல் டேபிள் இருக்கும் அறையிலேயே ஒரு நாள் விரித்து வைத்துவிட்டு மாட்டினால் பிறகு தளர்வது குறையும்.

பாக்கெட் வாயில் துணி மடிகிறது, கிழிகிறது

வெட்டுக் கோடு ஆழமாகப் போய்விட்டது. பாக்கெட்டில் துணியை உள்ளே மடக்கக் குறுக்கே சில வெட்டு போட வேண்டும், ஆனால் அந்த வெட்டு கல்லின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட வேண்டும். மேலே ஏறினால் பந்து விழ விழ அது நீண்டு தளத்துக்குள் வந்துவிடும். மூலைப் பாக்கெட்டுக்கு மூன்று வெட்டு பெரும்பாலும் போதும். கிழிசல் சிறிதாக இருந்தால் அடியில் ஒரு துண்டுத் துணியை ஒட்டி நிறுத்தலாம், வெளியே தெரியத்தான் செய்யும்.

குஷனில் பட்ட பந்து திரும்பி வரவில்லை

எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். ரெயில் முழுக்கவா, ஒரு இடத்தில் மட்டுமா? பந்தைக் கையில் எடுத்து ஒரு சாண் தூரத்திலிருந்து குஷனில் தள்ளித் தள்ளி ரெயில் நெடுகப் போங்கள். ஒரு இடத்தில் மட்டும் ‘தொப்’ என்ற மந்தமான சத்தத்தோடு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அங்கே இருக்கும் ரெயில் போல்ட். ரெயிலைக் கல்லோடு பிடிக்கும் அந்த போல்ட் தளர்ந்தால் பந்தின் வேகத்தை ரெயிலே அசைந்து தின்றுவிடும். கீழே குனிந்து ஸ்பேனரால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சமமாக முறுக்குங்கள். போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மரத்துக்குள் இருக்கும் நட்டு பிடியிழந்துவிட்டது, ரெயிலைக் கழற்றி அதை மாற்ற வேண்டும்.

போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் ரப்பர் மரத்திலிருந்து பசை விட்டிருக்கிறது. ரெயில் முழுக்கவே செத்திருந்தால் ரப்பரே இறுகிவிட்டது. துணி மேலேயே கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி நின்றாலும் அழுத்திய பள்ளம் மீளாமல் இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. முழு டேபிளுக்கும் ஒரு சோதனை உண்டு. ஹெட் ஸ்பாட்டிலிருந்து (ஆட்டத்தைத் தொடங்கும் முனையில், நீளத்தில் கால் பங்கில் நடுவே இருக்கும் புள்ளி) பந்தைப் பலமாக நேராக அடியுங்கள், நல்ல குஷன் என்றால் டேபிளின் நீளத்தை நான்கு அல்லது நான்கரை தடவையாவது அது கடக்க வேண்டும், துள்ளாமல். (ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வல்கனைஸ் முறை 1840களில் பில்லியர்ட்ஸுக்கு வருவதற்கு முன்பு குளிர் நாளில் குஷன் இறுகிப் போய், ஆடுவதற்கு முன் அதைச் சூடாக்க வேண்டியிருந்ததாம். இன்றைய ரப்பர் அந்தக் கஷ்டம் தருவதில்லை, ஆனால் அதுவும் மூப்படையும்.)

ரப்பர் மாற்றும்போது ஒரு ரெயிலுக்கு மட்டும் மாற்றாதீர்கள், ஆறையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வேகத்தில் திருப்பித் தரும். பழைய ரப்பரின் குறுக்கு வெட்டு வடிவத்தைப் பார்த்து அதே வடிவம் வாங்குங்கள். கே-66, கே-55 என்று வெவ்வேறு வடிவங்கள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மரத்தில் இருக்கும் பழைய பசையை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, இருபுறமும் கான்டாக்ட் பசை பூசி, காய்ந்த பின் ஒட்டுங்கள். ரப்பரை நீட்டி இழுத்து ஒட்டக் கூடாது, பின்னால் சுருங்கிப் பாக்கெட் முனையில் இடைவெளி விடும். பாக்கெட் முனையில் ஒட்டும் சிறிய ரப்பர் முகப்பையும் மறக்காதீர்கள்.

வேகமாக அடித்தால் பந்து குஷனில் ஏறிக் குதிக்கிறது

குஷன் மூக்கின் (பந்து படும் முன் விளிம்பின்) உயரம் தவறு. மூக்கு தாழ்ந்திருந்தால் பந்து துள்ளும். உயர்ந்திருந்தால் பந்தைத் தளத்தில் அழுத்தி வேகத்தைக் கொல்லும், அந்த இடத்தில் துணியும் சீக்கிரம் தேயும். தளத்திலிருந்து மூக்கு வரை பந்தின் விட்டத்தில் 62.5 முதல் 64.5 சதவீதம் இருக்க வேண்டும். வழக்கமான பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், அப்படியானால் சுமார் 36 மில்லிமீட்டர். தவறான வடிவ ரப்பர், தவறான தடிமனுள்ள ஸ்லேட், கல்லுக்கும் ரெயிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட துணி மடிப்பு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கடைசியானதை முதலில் பாருங்கள், எளிதாகத் தீரும்.

ரெயில் துணியை இறுக்கும் மரப்பட்டை வெளியே வருகிறது

ரெயிலின் மேல்புறக் காடியில் துணியைப் பிடித்திருக்கும் அந்த மெல்லிய மரப்பட்டை இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தளர்வாகவும் இருக்கக் கூடாது. முன்பிருந்ததை விட மெல்லிய துணி போட்டிருந்தால் பட்டை தளரும், காடியில் ஒரு துண்டுத் துணியோ காகிதமோ சேர்த்து வைத்து அடியுங்கள். தடித்த துணி என்றால் பட்டையின் பக்கத்தைக் கொஞ்சம் இழைத்துக் குறைக்க வேண்டும். வலுக்கட்டாயமாக அடித்தால் ரெயில் மரமே பிளக்கும். சுத்தியலால் பட்டை மேல் நேராக அடிக்காதீர்கள், நடுவே ஒரு மரக்கட்டை வைத்து அடியுங்கள். இரு முனையிலும் சில அங்குலம் அடிக்காமல் விட்டுவைத்து, பாக்கெட் பக்கத் துணியை மடித்துச் சேர்த்த பின் கடைசியில் அடித்து முடியுங்கள்.

துணியில் வெள்ளைக் கோடுகள், புள்ளிகள்

பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கும்போது பந்து துணியில் உராய்ந்து நார் சூடாகி உருகிய தடம் அது, அழிக்க முடியாது. புதுத் துணியில் பார்த்ததும் பதறுவார்கள், ஆட்டத்தை அது கெடுக்காது. பிரேக் அடிக்கும் இடத்தில் மிச்சமான துணியில் ஒரு சிறு சதுரம் வெட்டிப் பந்தின் அடியில் வைத்தால் குறையும். கோல் முனையில் தேய்க்கும் சாக் தூளின் தடம் என்றால் வேறு, மென்மையான பிரஷ் மாட்டிய வேக்வமில் வந்துவிடும்.

மரமும் தோலும்

மரத்தில் பூச்சு மங்கியிருந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள், இளகினால் அரக்குப் பூச்சு, அதை உரிக்காமலே அதே அரக்கால் சரிசெய்யலாம். தின்னரில் மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் இளகவில்லை என்றால் வார்னிஷ் வகை, அதை உரித்தே பூச வேண்டும். வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு) உரிந்து எழும்பியிருந்தால் அடியில் மரப் பசை விட்டு, மேலே துணி போட்டு இதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிட்டு, காயும்வரை கனமான பொருளை வையுங்கள். தோல் பாக்கெட் காய்ந்து வெடித்திருந்தால் கழற்றும் முன்பே தோலுக்கான எண்ணெய் பூசி ஊற விடுங்கள், காய்ந்த தோலை வளைத்தால் முறியும்.

சரியாக இருந்தது, சில வாரத்தில் மறுபடி சாய்கிறது

இத்தனை கிலோ எடையும் மெல்ல மெல்லத் தரையில் உட்காருகிறது, கம்பளம் விரித்த தரை என்றால் இன்னும் அதிகம். இதற்காகத் துணியைப் பிரிக்க வேண்டாம். ரசமட்டத்தைத் துணி மேலேயே வைத்துப் பாருங்கள், தாழ்ந்த மூலையின் காலை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள், மறுநாள் மறுபடி பாருங்கள். ரெயில் போல்ட்களையும் அப்போதே ஒரு சுற்று முறுக்கிப் பார்த்துவிடுங்கள், புது ரப்பரும் புதுத் துணியும் அமுங்கிய பிறகு அவை தளர்ந்திருக்கும்.